ஜப்பான் தொட்டியில் ஒரு முழுக்கு

பாவாடையை நெஞ்சுக்கு மேல் இழுத்துக் குறுக்குக்கட்டுக் கட்டிக்கொண்டு, ஈரக் கற்களின் மேல் வெறுங்காலோடு நின்றிருந்தேன். எனக்கு முன்னால் கிமோனோ உடுத்த ஒரு பெண் இடுப்பு வரை குனிந்து வணங்கிவிட்டு, என்னை வெளியே போகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வெளியே போகச் சொல்பவர்கள் இவ்வளவு மரியாதையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் நாட்டில் அதற்கு வானத்தில் இருந்து நோட்டீஸ் போடுவார்கள்.

அந்தப் பெண்ணுக்குப் பொன்னிறத் தலைமயிர், நீலக் கண். ஜப்பானியக் குளிப்பகம் என்று வாசலில் பெரிதாக எழுதியிருந்தது. உள்ளே ஜப்பான்காரர் ஒருவரையும் காணவில்லை. மூங்கில் இருந்தது, கதவுகளில் காகிதம் ஒட்டியிருந்தது, புதுப் பலகை வாசம் வந்தது. எங்கேயோ ஒளித்து வைத்திருந்த பெட்டியில் இருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. நிஜத் தண்ணீர் பக்கத்திலேயே சொட்டிக்கொண்டிருந்ததை ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

"தண்ணிக்குள்ள உடுப்போட இறங்கேலாது," என்றாள் அவள்.

"இது உடுப்பில்லைப் பிள்ளை. இதோடதான் நாங்கள் குளிக்கிறது."

"துணியில இருக்கிற சாயம் தண்ணியில இறங்கும்."

"இது நூறு தரம் தோய்ச்ச பாவாடை. இதில இனி இறங்குறதுக்குச் சாயம் இல்லை."

அவள் மறுபடியும் குனிந்தாள். குனிந்து குனிந்தே ஆளைத் துரத்தும் வித்தையை அங்கேதான் முதலில் பார்த்தேன்.

இந்தப் பேச்செல்லாம் டெனிஷில்தான் நடந்தது. ஆனால் டெனிஷ்காரர் என்ன பேசினாலும் என் காதில் விழும்போது யாழ்ப்பாணத் தமிழாகவே விழும். அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கவலைக்கு வெந்நீர்

நான் ஏன் அங்கே போனேன் என்று சொல்ல வேண்டும். நானாகப் போகவில்லை. அன்பு காட்டி அனுப்பிவைத்தார்கள்.

அது இலங்கையில் சண்டை முடிந்துகொண்டிருந்த வசந்தம். ஹேர்னிங்கில் ஒரு முதியோர் இல்லத்தில் எனக்கு வேலை. என்னுடைய பெயர் யோகராணி. அவர்கள் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு அர்த்தம் என்ன என்று தெரிந்த நாளில் இருந்து அவர்களுக்கு ஒரே குதூகலம். டென்மார்க்கில் அப்போது இரண்டு ராணிகள் இருந்தோம். ஒருத்தி அரண்மனையில் இருந்தா. மற்றவள் கிழவர்களுக்குக் கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

என் அக்கா குடும்பம் வன்னிக்குள் அகப்பட்டிருந்தது. அக்கா, அத்தான், பெண்பிள்ளைகள் இரண்டு பேர். பல கிழமைகளாக ஒரு தகவலும் இல்லை. அக்காவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த வெளிநாட்டு நம்பர் என்னுடைய கைப்பேசி நம்பர் ஒன்றுதான். அதனால் அந்தப் பழைய பொத்தான் போனை நான் கையில் இருந்து இறக்கவில்லை. கஞ்சி பருக்கும்போதும் ஒரு கையில் போன், மற்றக் கையில் கரண்டி. ஒரு நாள் கரண்டியைக் காதில் வைத்து ஹலோ சொன்னேன் என்று இல்லத்தில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அது உண்மையா என்று எனக்கு நினைவில்லை. உண்மையாகவும் இருக்கலாம்.

டெனிஷ் தொலைக்காட்சி அந்த நாட்களில் பன்றிக் காய்ச்சலைப் பற்றி மிகவும் கவலைப்பட்டது. பன்றிகளுக்கு இந்த நாட்டில் உள்ள மதிப்பு எனக்குத் தெரியும், அதனால் குறை சொல்லவில்லை. எங்கள் செய்தி சில நாட்களில் வந்தது. காலநிலை அறிக்கைக்குச் சற்று முன்னால், வாசிப்பவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் வந்து போனது.

வேலைத்தலத்தில் எல்லோரும் அன்பாக விசாரித்தார்கள். "அங்க இன்னும் நடக்குதோ?" என்று ஒருத்தி கேட்டாள். மழை இன்னும் பெய்கிறதா என்று கேட்கும் குரல் அது. இன்னொருத்தி, நான் எந்தப் பக்கம் என்று கேட்டாள். என் அக்கா பக்கம் என்றேன். அப்படி ஒரு அணி இருப்பது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

டெனிஷ்காரருக்குக் கவலை வந்தால் மெழுகுதிரி கொளுத்துவார்கள். பெருங்கவலை வந்தால் வெந்நீரில் போடுவார்கள். என்னுடையது பெருங்கவலை என்று கூடிப் பேசி முடிவெடுத்து, எல்லோருமாகச் சேர்ந்து ஒரு பரிசுச் சீட்டு வாங்கிவிட்டார்கள். ஒரு முழு நாள் ஜப்பானியக் குளிப்பு, இரண்டு பேருக்கு. என்னோடு துணைக்குப் போக என் கூட்டாளி கேர்ஸ்டன்.

பரிசை வேண்டாம் என்று சொல்வது இந்த நாட்டில் களவு எடுப்பதைவிடப் பெரிய குற்றம். நன்றி சொன்னேன். அழுதும் விட்டேன். நான் மகிழ்ச்சியில் அழுவதாக நினைத்து அவர்களும் அழுதார்கள்.

வீட்டுச் சேனாதிபதி

வீட்டில் வந்து சொன்னபோது என் கணவர் தலையைத் திருப்பவில்லை. அவருக்குப் பிராண்டேயில் காற்றாலை இறக்கைகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. வேலை முடிந்து வந்தால் சோபாவில் இருந்தபடியே படை நகர்த்துவார். ஒரு கணினியில் வரைபடம், மற்றதில் வானொலி, தொலைக்காட்சியில் வேறொன்று. ஆமி எங்கே நிற்கிறான், எங்கே ஊடறுக்கலாம், ஏன் இன்னும் ஊடறுக்கவில்லை என்று எல்லாம் அவருக்குத் தெரியும். அவருடைய கணக்கில் தோற்பதற்கு இடமே இருக்கவில்லை.

"போயிட்டு வாவன்," என்றார். "போனை இஞ்ச வைச்சிட்டுப் போ. நான் பாக்கிறன்."

அக்கா எடுத்தால் இவர் முதலில் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். 'ஆமி எவடத்தில நிக்கிறான்' என்றுதான் கேட்பார். சாப்பிட்டீர்களா என்று கேட்பதற்குள் லைன் அறுந்துவிடும். போனை நான் கொடுக்கவில்லை.

இங்கேயே பிறந்த என் மகள் அந்தக் குளிப்பகத்தின் இணையப் பக்கத்தைப் பார்த்துவிட்டு டெனிஷில் சிரித்தாள். "அம்மா, அங்க உடுப்புப் போடக்கூடாது. தெரியுமோ?"

"தெரியும். ஆரடி குளிக்கேக்க உடுப்புப் போடுறது?"

நான் பொய் சொல்லவில்லை. எங்கள் கணக்கில் குறுக்குக்கட்டு என்பதே நிர்வாணம்தான். அந்தக் கோலத்தில் ஒருத்தி நிற்கும்போது வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு ஆண் இருமினால், உள்ளே ஓடிப்போய்க் கதவைச் சாத்துவோம். பாவாடை உடுப்பில் சேர்த்தி என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. ஒரு பழைய பாவாடையைச் சுருட்டிப் பைக்குள் வைத்தேன்.

போனுக்கும் ஒரு ஏற்பாடு செய்தேன். மீன் துண்டுகளைக் குளிரூட்டிக்குள் போடும் இறுக்கிப் பூட்டும் பிளாஸ்டிக் பை ஒன்றை எடுத்து, கழுவி, அதற்குள் போனைப் போட்டேன். ஒலியை நிறுத்தி அதிர்வை மட்டும் வைத்தேன். நன்றாகத்தான் கழுவினேன். ஆனாலும் அந்தப் போன் நெடுநாளாக அறக்குளா மீன் வாசம் வீசியது.

அத்தானின் வாய்

இந்த இடத்தில் அத்தானைப் பற்றிச் சொல்லாவிட்டால் சரிவராது.

அவர் அக்காவைப் பெண் பார்க்க வந்தபோது நான் பள்ளிக்கூடச் சட்டையோடு தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "தண்ணி நல்லாயிருக்கு, தேயிலையும் போட்டிருக்கலாம்," என்றார். கிளிநொச்சிப் பக்கம் உழவு இயந்திரம் திருத்துகிறவர், பெண் பார்க்க வந்த இடத்தில் இப்படிச் சொல்கிறார். நான் உடனே, "மாப்பிள்ளையும் நல்லாயிருக்கிறார், தலைமயிரும் இருந்திருக்கலாம்," என்றேன். அம்மா என்னைக் கிள்ளிய இடம் ஒரு கிழமை நீலமாக இருந்தது. அத்தான் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி வேட்டியில் சிந்தியது. அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் தனக்குச் சம்மதம் வந்தது என்று அக்கா பிறகு சொன்னா.

அன்று தொடங்கிய சண்டை எங்களுக்குள் ஓயவில்லை. நான் டென்மார்க் வந்த பிறகும் போனில் தொடர்ந்தது. "உங்க மாடுகளுக்கெல்லாம் ஏசி பூட்டியிருக்காம், உனக்கு எப்ப பூட்டுவினம்?" என்று கேட்பார். காசு அனுப்பினால் நன்றி சொல்ல மாட்டார். அந்தக் காசில் வாங்கிய ஆட்டுக்கு என் பெயரை வைத்திருப்பதாகச் சொல்வார். இந்தப் பத்திரிகைப் பத்தியைப் படிக்கும் உங்களில் சிலர், என் எழுத்தில் நக்கல் கூடிப்போகிறது என்று ஆசிரியருக்கு முறையிடுகிறீர்களாம். அந்தப் பழியில் பாதி அத்தானுக்குச் சேர வேண்டியது.

கடைசியாகக் கதைத்தபோது பின்னால் குண்டுச் சத்தம் கேட்டது. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நாங்கள் பங்கருக்குள்ள சும்மா படுத்திருக்கிறம்," என்றார். "நீதான் பாவம். விடிய எழும்பி வேலைக்குப் போறாய்."

வாழ்க்கையில் அவர் என்னை வென்றது அந்த ஒரு தடவைதான். அதன் பிறகு லைன் இல்லை. அவர்கள் நான்கு பேரும் இருக்கிறார்களா என்ற ஒன்றைத் தவிர எனக்கு வேறெதையும் தெரிய வேண்டியிருக்கவில்லை.

உடுப்போடு குளிக்கும் சனம்

வந்த புதிதில் மொழி படிப்பித்த பள்ளிக்கூடத்தில் எங்களை நீச்சல் மண்டபத்துக்குக் கூட்டிப்போனார்கள். டெனிஷ் பண்பாட்டை அறிய வேண்டுமாம். பண்பாடு வாசலிலேயே காத்திருந்தது. குளத்தில் இறங்க முதல் எல்லோரும் உரிந்துவிட்டு ஒன்றாக நின்று சவர்க்காரம் போட வேண்டும். ஒழுங்காகப் போடுகிறோமா என்று பார்க்க ஒரு அம்மா சம்பளத்துக்கு நிற்கிறா.

எங்கள் வகுப்பில் இருந்த தமிழ்ப் பெண்கள் எல்லோருக்கும் அன்றைக்குப் பார்த்து ஒரே நேரத்தில் மாதச் சுகவீனம் வந்துவிட்டது. ஆசிரியை அதை ஒரு மருத்துவ அதிசயமாகப் பார்த்தா. நாங்கள் வரிசையாகத் தேநீர்ச்சாலையில் இருந்து உருளைக்கிழங்குப் பொரியல் சாப்பிட்டுவிட்டு, காய்ந்த தலையோடு வீடு திரும்பினோம்.

பிறகு எனக்குக் கிடைத்த வேலையைப் பாருங்கள். ஹேர்னிங்கில் முதுமை அடைந்த பாதிப் பேரை நான் குளிப்பாட்டியிருக்கிறேன். முன்னாள் வங்கி முகாமையாளர், முன்னாள் பாதிரியார், முன்னாள் பொலிஸ்காரர் என்று ஒருவர் பாக்கி இல்லை. அவர்களுடைய உடம்பில் எனக்குத் தெரியாத மச்சம் கிடையாது. ஆனால் என்னை ஒருவரும் பார்த்தது கிடையாது. பார்க்கும் பக்கத்தில் நிற்கும் வரைக்கும் நிர்வாணம் ஒன்றும் பெரிய விஷயமில்லை.

கதவளவு கேர்ஸ்டன்

இப்போது மறுபடியும் அந்த ஈரக் கற்களுக்கு வருவோம். நான் குறுக்குக்கட்டோடு நிற்கிறேன், கிமோனோக்காரி குனிகிறாள்.

"ஜப்பானில எல்லாரும் உடுப்பில்லாமல்தான் இறங்குவினம்," என்றாள் அவள், மனப்பாடம் செய்த குரலில். "அதில ஏழை பணக்காரர் எண்ட வித்தியாசம் இல்லை. எல்லாரும் சமம்."

"எங்கட நாட்டிலயும் இப்ப அப்பிடித்தான்," என்றேன். "ஒரு இடத்தில எல்லாரையும் சமமாக்கிக்கொண்டிருக்கினம்."

அவள் புன்னகைத்தாள். நல்ல பிள்ளை. புரியாததால் புன்னகைத்தாள், அதில் அவளுடைய பிழை ஒன்றும் இல்லை.

அப்போது கேர்ஸ்டன் வந்தாள். கேர்ஸ்டன் என்னைவிட ஒன்றரை மடங்கு உயரம், ஒரு கதவளவு அகலம். பிறந்தபடி இருந்தாள். அந்தக் கோலத்தில் கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, பேக்கரியில் பாண் வாங்க நிற்பதுபோல நின்றாள்.

"என்ன பிரச்சினை?"

கிமோனோக்காரி விளக்கினாள். கேர்ஸ்டன் என் பாவாடையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், சிரிக்கவில்லை. அதற்காக அவளை எனக்கு அன்றைக்கே பிடித்தது.

"ராணி, உனக்கு விருப்பமில்லாட்டி நாங்கள் வீட்ட போவம்," என்றாள். "இல்லாட்டி நான் துவாயைப் பிடிக்கிறன். நீ தண்ணிக்குள்ள இறங்கும் வரைக்கும் ஒருதரும் பாக்கமாட்டினம். நானும் பாக்கமாட்டன்."

வீட்டுக்குப் போனால் சேனாதிபதியோடு சோபாவில் இருந்து வரைபடம் பார்க்க வேண்டும். நான் யோசித்தேன். பாவாடை போவது பெரிதில்லை. அந்த நெஞ்சு முடிச்சுக்குள்தான் போனும் சொருகியிருந்தது. பாவாடை போனால் போனை எங்கே வைப்பது?

கைப்பேசிகளை வாசலில் உள்ள பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும் என்பது அங்கே முதல் விதி. மனிதருக்கு அமைதி வேண்டுமாம். உள்ளே போனோடு ஒருத்தி நிற்பது தெரிந்தால் கிமோனோக்காரி குனிந்த குனியில் நிமிரவே மாட்டாள்.

தலையில் துவாய்

எனக்கு வழி காட்டியவர்கள் ஜப்பான்காரர்தான். அவர்கள் வாழ்க.

தண்ணீருக்குள் இரண்டு டெனிஷ் மாதர் கழுத்தளவில் அமிழ்ந்திருந்தார்கள். அவர்களின் தலையில் சிறு துவாய் ஒன்று நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. கடனே என்று பஜனைக்கு வந்தவர்களைப்போலக் கண்ணை மூடியிருந்தார்கள். "அது ஜப்பான் வழக்கம்," என்று கிமோனோக்காரி சொன்னாள். சின்னத் துவாய் தண்ணீரில் படக்கூடாதாம், தலையில்தான் இருக்க வேண்டுமாம். எனக்கும் ஒன்று தந்தாள்.

இவ்வளவு அறிவான வழக்கத்தை நான் வேறெந்த நாட்டிலும் கண்டதில்லை.

கேர்ஸ்டன் பெரிய துவாயை விரித்துப் பிடித்துக்கொண்டு, சொன்னபடி மறுபக்கம் முகத்தைத் திருப்பினாள். அதற்குப் பின்னால் நான் பாவாடையை அவிழ்த்தேன். போனைச் சின்னத் துவாய்க்குள் சுருட்டித் தலையில் வைத்தேன். கொண்டைமேல் அது வாகாக உட்கார்ந்தது. பிறகு, பிறந்ததில் இருந்து வேறொருவர் முன்னால் செய்யாத காரியத்தைச் செய்தேன். அவிழ்ந்த பாவாடையை மடித்து வைத்துவிட்டு, விறுவிறென்று நடந்து தண்ணீருக்குள் இறங்கினேன்.

சுட்டது. முதலில் கால், பிறகு முழங்கால், பிறகு வெட்கம் என்று ஒவ்வொன்றாகச் சுட்டது. கழுத்துவரை போனதும் உடம்பு தன்னை அறியாமல் ஒரு பெருமூச்சு விட்டது. எனக்குக் கோபம் வந்தது. நான் இன்பம் அனுபவிக்க வரவில்லை என்று என் உடம்பைத் திட்டினேன். அது கேட்கவில்லை. பல கிழமையாக இறுகிப்போயிருந்த தோள்மூட்டு ஒவ்வொரு விரற்கடையாக இளகியது.

அந்தத் தொட்டியின் ஒரு பக்கம் திறந்து, வெளியே ஒரு ஏரி தெரிந்தது. பீச் மரங்களில் அப்போதுதான் இலை வந்திருந்தது. வெயில் இருந்தது. அந்த அழகைப் பார்த்துக்கொண்டு இருப்பது எனக்குப் பெரிய அநியாயமாகத் தெரிந்தது. ஒரே நாளில் ஒரே சூரியன் அங்கேயும் நிற்கிறானே என்று நினைத்தேன்.

"நல்லாயிருக்கோ?" என்று பக்கத்தில் வந்து இறங்கிய கேர்ஸ்டன் கேட்டாள்.

"ஓம்," என்றேன்.

அப்போது என் தலை அதிர்ந்தது.

வெந்நீர்ச் சூட்டில் மயக்கம் வருகிறது என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் போன் என்று தெரிந்தது. துவாயை இழுத்து, பிளாஸ்டிக் பையோடு காதில் வைத்து, பைக்கு வெளியில் இருந்தே பொத்தானை அமுக்கினேன். எதிரில் இருந்த மாதர் இருவரும் கண் திறந்தார்கள். ஒரு தமிழச்சி தன் தலைத் துவாயோடு கதைப்பதைப் பார்த்தார்கள்.

"ஆர்?"

"நான்தானடி."

அக்கா. குரல் காய்ந்துபோய், யாரோ வயதான பெண்ணின் குரலாக இருந்தது. ஆனால் அக்காதான்.

"அக்கா! எங்க நிக்கிறியள்?"

"முகாமுக்கு வந்திட்டம். இது இரவல் போன், கனக்கக் கதைக்கேலாது. நான் இருக்கிறன். பிள்ளையள் ரெண்டும் இருக்கினம்."

நான் காத்திருந்தேன். அவ அடுத்த பெயரைச் சொல்லவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. இருக்கிறவர்களைச் சொல்லி முடித்தவளிடம் வேறு எதைக் கேட்பது? அத்தானின் பெயர் என் வாய்வரை வந்து நின்றுவிட்டது.

"நான் இன்னும் முழுகேல்லையடி," என்றா அக்கா.

எங்கள் பக்கத்தில் சாவு நடந்தால் உரிமையுள்ள சொந்தக்காரர் தலையில் தண்ணீர் வார்க்க வேண்டும். வார்க்காதவரை அந்தச் சாவு முடிவதில்லை, அது மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

"வாற வழியில அப்பிடியே விட்டிட்டு வந்தனாங்கள். நிண்டு பாக்கேலாமல் போச்சு," என்றா. "இஞ்ச தண்ணி இல்லை. குடிக்கிறதுக்கே வரிசையில நிக்கிறம். அவருக்கெண்டு ஒருதரும் ஒண்டும் செய்யேல்லை. நீ எங்க நிக்கிறாய்?"

"குளிக்கிற இடத்தில, அக்கா."

"தண்ணி இருக்கோ?"

"இருக்கு."

"கனக்கவோ?"

நான் பார்த்தேன். கழுத்தளவு தண்ணீர் நிறைந்து, விளிம்பைத் தாண்டிக் கற்களில் வழிந்து, ஒருவருக்கும் தேவைப்படாமல் வடிகாணுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் ஒரு ஏரி முழுக்கத் தண்ணீர் இருந்தது.

"கனக்க இருக்கு, அக்கா."

"அப்ப நீ முழுகு," என்றா. லைன் அறுந்தது.

செத்தவீடு

போனையும் துவாயையும் கேர்ஸ்டனின் கையில் கொடுத்தேன். கொண்டையை அவிழ்த்தேன். தலைமயிர் தண்ணீரில் படக்கூடாது என்பதும் அங்கே ஒரு விதி. அதை வாசித்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். கண்ணை மூடி, தலையோடு உள்ளே போனேன்.

தண்ணீருக்குள் அழுதால் கண்ணீர் எது, தண்ணீர் எது என்று தெரியாது என்று எழுதுவார்கள். நன்றாகத் தெரியும். நெஞ்சு கிழிந்து, மூக்குக்குள் வெந்நீர் ஏறி, வாயைத் திறந்தால் மூச்சுக்குப் பதில் தண்ணீர் வரும். அந்த மனிதனை வழியில் விட்டுவிட்டு அக்கா பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறா. அதைத் தவிர வேறெதையும் என்னால் நினைக்க முடியவில்லை. மேலே வர மனமில்லாமல் கிடந்தேன்.

கேர்ஸ்டன் போனைக் கல்லில் வைத்துவிட்டு என்னை மேலே இழுத்தாள். முதியோரைத் தூக்க எங்களுக்குப் பழக்கிய முறைப்படி, கக்கத்துக்குள் கை கொடுத்து, தன் முதுகு நோகாமல் இழுத்தாள்.

"வேண்டாம்! வேண்டாம்! ராணி! சாகப் பாக்கிறியோ?"

"இல்லை," என்றேன் இருமிக்கொண்டு. "அக்கான்ர மனுசன் செத்துப்போனார். சாவுக்குத் தலை முழுகவேணும். அங்க தண்ணி இல்லை. அக்கா என்னை முழுகச் சொன்னவ."

கேர்ஸ்டன் என்னைப் பிடித்த கையை எடுக்கவில்லை. அந்த வசந்தத்தில் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் இருந்த முதல் டெனிஷ்காரி அவள்தான்.

கிமோனோக்காரி கற்களின் மேல் விரைந்து வந்தாள். குனிந்தாள். கைப்பேசிக்கும் தலைமயிருக்கும் உள்ள விதிகளை மென்மையாக நினைவூட்டினாள். மற்ற விருந்தினரின் அமைதி என்று ஏதோ சொன்னாள்.

கேர்ஸ்டன் தண்ணீரில் இருந்து எழும்பி நின்றாள். இடுப்புக்கு மேலே முழுவதுமாக, தண்ணீர் சொட்டச் சொட்ட, அந்தப் பிள்ளைக்கு முன்னால் நின்றாள்.

"இஞ்ச இப்ப ஒரு செத்தவீடு நடக்குது," என்றாள். "முடியும் வரைக்கும் பொறு."

அந்தப் பிள்ளை நிமிர்ந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். அதன் பிறகு குனியவில்லை. கைகளை முன்னால் கோத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். எதிரில் இருந்த மாதர் இருவரும் தங்கள் தலையில் இருந்த துவாயை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்கள். ஏன் எடுத்தார்கள் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. செத்தவீட்டில் தொப்பியைக் கழற்றிப் பழகியவர்கள் ஆக்கும்.

முழுக்கு என்றால் பச்சைத் தண்ணீரில்தான். அத்தான் பார்த்திருந்தால், "உன்ர சோம்பலுக்கு எனக்குச் சுடுதண்ணியோ?" என்று கேட்டிருப்பார். கேட்கட்டும் என்று ஒரு கணம் காத்திருந்தேன். பிறகு இறங்கினேன். அக்காவுக்காக ஒரு தரம் மூழ்கினேன். பிள்ளைகளுக்காக ஒரு தரம். கடைசியாக எனக்காக. ஒவ்வொரு தரமும் கேர்ஸ்டன் என் கையைப் பிடித்துக்கொண்டு தானும் குனிந்தாள், நான் எழும்பும்போது தானும் எழும்பினாள். யாரென்றே தெரியாத ஒரு மனிதனுக்காக அவளுடைய நரைத்த தலையும் நனைந்திருந்தது.

உடல் இல்லை. பறை இல்லை. ஒப்பாரி வைக்க ஆள் இல்லை. கொள்ளி வைத்தவர் இல்லை. செத்தவீடு என்று அத்தானுக்கு நடந்தது அவ்வளவுதான்.